புது சாஃப்ட்வேர் வந்தும் பழைய நோட்டு போகவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் சார். இயந்திர உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆபரேஷன்ஸ் மேலாளராக இருக்கிறேன். 240 பேர் வேலை செய்கிறோம். பதினொரு வாரங்களுக்கு முன் புதிய ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேருக்கு (எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒரே இடத்தில் வைப்பது) மாறினோம். அதற்காகக் கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு என்று எல்லாப் பிரிவுகளின் வேலைமுறையையும் மாற்றி எழுதினோம். பயிற்சியில் எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது பார்த்தால், ஸ்டோரில் 22 வருடமாக இருப்பவர் பகல் முழுக்க நோட்டில் எழுதிவிட்டுச் சாயங்காலம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். உற்பத்திப் பிரிவு தனியாக ஒரு எக்செல் வைத்திருக்கிறது. போன வாரம் ஒரு பேரிங் ஸ்டாக் பூஜ்யம் என்று திரை காட்டியது. கொள்முதல் பிரிவு அவசர ஆர்டர் போட்டுவிட்டது. ரேக்கில் போய்ப் பார்த்தால் 340 இருந்தன. "யூசர்கள் ஒத்துழைக்கவில்லை, மறுபடி பயிற்சி கொடுக்கலாம்" என்கிறார் கன்சல்டன்ட். "ஒன்றாம் தேதியோடு பழைய சிஸ்டத்தை மூடிவிடு, தனியாக நோட்டோ எக்செல்லோ வைத்திருந்தால் நடவடிக்கை என்று நோட்டீஸ் ஒட்டு" என்கிறார் எம்.டி. நோட்டீஸ் டைப் செய்து தயாராக இருக்கிறது. ஒட்டலாமா? அண்ணனை எப்படி மாற்றுவது?

பதில்:

வணக்கம். நோட்டீஸை இப்போது ஒட்டாதீர்கள். பழைய சிஸ்டத்தை ஒருநாள் மூடத்தான் வேண்டும், அதில் எம்.டி. சொல்வது சரி. ஆனால் அண்ணனின் நோட்டு உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்காமல் பிடுங்கிவிட்டால், பதினொரு வாரங்களில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல ஆவணத்தை நீங்களே தொலைத்ததாகிவிடும்.

உங்கள் ஸ்டோரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த 340 பேரிங் கதை எப்படி நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் இதே கதையைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆர்டர் 500 என்று வைத்துக்கொள்வோம். லாரியில் வந்தது 512. சப்ளையர் பெட்டிக் கணக்கில் அனுப்புவார், அதனால் பன்னிரண்டு கூடுதலாக வந்துவிட்டது. பழைய முறையில் அண்ணன் கொள்முதல் பிரிவுக்கு ஒரு போன் அடிப்பார், சலானில் "12 அதிகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், பத்து நிமிடத்தில் லாரி கிளம்பிவிடும். புதிய முறையில் அவர் 512 என்று அடித்ததும் திரை சிவப்பாகிறது. ஆர்டரில் இருப்பதைவிட அதிகம், ஏற்க முடியாது. ஆர்டரைத் திருத்த வேண்டும். திருத்துவது கொள்முதல் அலுவலர், அதற்கு அப்ரூவல் தருவது அவருடைய மேலாளர். மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார். பின்னால் இன்னொரு லாரி வந்து நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பொறுப்புள்ள ஒரு ஸ்டோர்க்காரர் இந்த நேரத்தில் என்ன செய்வார்? சரக்கை இறக்கிக்கொண்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, லாரியை அனுப்பிவிடுவார். அப்ரூவல் வந்த பிறகு, அது அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

நடுவில் அந்த ஒன்றரை நாள் திரையில் ஸ்டாக் பூஜ்யம்தான். ரேக்கில் சரக்கு இருக்கிறது. உற்பத்திப் பிரிவு அண்ணனிடம் நேரில் கேட்டு எடுத்துக்கொள்கிறது, 512இல் மிச்சம் 340. கொள்முதல் பிரிவு திரையை நம்பி அவசர ஆர்டர் போடுகிறது. இப்படி இரண்டு தடவை நடந்தால் போதும், உற்பத்திப் பிரிவு தனி எக்செல் ஆரம்பித்துவிடும். கணக்குப் பிரிவுக்கு சப்ளையரின் பில் வந்திருக்கும், சரக்கு வந்த பதிவு இருக்காது, அதனால் பணம் நிற்கும். சப்ளையர் கொள்முதல் பிரிவைத் திட்டுவார். நான்கு பிரிவுகளின் தலைவலிக்கும் வேர் கேட்டில் அண்ணன் பார்த்த அந்தச் சிவப்புத் திரையில் இருக்கிறது. மறுபயிற்சி இதைத் தீர்க்காது. அண்ணனுக்கு அந்தத் திரை நன்றாகவே தெரியும், தெரிந்ததால்தான் நோட்டை எடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு பழைய உதாரணம் சொல்ல வேண்டும். வேலைமுறை மறுவடிவமைப்பு பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அதில் பாதியைத்தான் சொல்வார்கள். 1990இல் நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹாமர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரையில் வருவது. 1980களின் ஆரம்பத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் வேலைக்கு மட்டும் 500க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்து இதை 400 ஆக்கலாம் என்பது அவர்களுடைய திட்டம். அப்புறம் மஸ்டாவைப் பார்த்தார்கள், அங்கே அதே வேலைக்கு ஐந்து பேர். மஸ்டா சிறிய நிறுவனம்தான், ஆனாலும் அந்த வித்தியாசத்தை அளவு மட்டும் விளக்கிவிடாது. ஃபோர்டில் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, இன்வாய்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு 14 விவரங்கள் பொருந்துகின்றனவா என்று தேடுவதில்தான் பெரும்பாலான நேரம் போயிற்று. அதை விட்டுவிட்டு, இன்வாய்ஸே வேண்டாம், சரக்கு வந்து இறங்கினால் பணம் என்று முறையை மாற்றினார்கள். ஆட்கள் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது.

எல்லோரும் அந்த 75 சதவீதத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். சரக்கு இறங்கும் இடத்தில் நின்ற அந்த எழுத்தரை யாரும் பேசுவதில்லை. புதிய முறையில் சரக்கு ஆர்டரோடு பொருந்தினால் அவர் ஏற்றுக்கொள்வார், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கேயே, அப்போதே, யாரையும் கேட்காமல். முறை ஓடியதற்கு அந்த அதிகாரம் முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன். உங்கள் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. கேட்டில் நின்றவரிடம் பழைய முறையில் இருந்த முடிவெடுக்கும் உரிமையை எடுத்து இரண்டு மாடி மேலே வைத்துவிட்டீர்கள். வேலையை மட்டும் அவரிடமே விட்டுவிட்டீர்கள்.

ஃபோர்டுபோல நீங்கள் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியுமா? உற்பத்தி நின்றுவிடும் என்றால் முடியாது. அப்படியானால் ஒரு வரம்பு வையுங்கள். ஆர்டரைவிட இத்தனை சதவீதம் வரை கூடினாலும் ஸ்டோர் ஏற்கலாம், அதற்கு மேல் போனால் மட்டும் அப்ரூவல் என்று. பெரும்பாலான ஈ.ஆர்.பி.களில் இதற்கு அமைப்பு உண்டு, கன்சல்டன்டுக்கு அரை நாள் வேலைகூட இருக்காது. கடினமான பகுதி எது தெரியுமா? எத்தனை சதவீதம் என்று கொள்முதல் தலைவரும் கணக்குத் தலைவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒத்துக்கொள்வது. அந்தப் பேச்சுவார்த்தை கோ-லைவுக்கு, அதாவது புதிய சிஸ்டம் ஓட ஆரம்பித்த நாளுக்கு, முன்பே நடந்திருக்க வேண்டும். நடக்காததால் சாஃப்ட்வேரில் ஏற்கனவே இருந்த அமைப்பே உங்கள் விதியாகிவிட்டது. இரண்டு பேரையும் கூப்பிட்டு இந்த வாரமே பேசவையுங்கள். அண்ணனும் அந்த அறையில் இருக்கட்டும், எத்தனை கூடுதலாக வருவது வழக்கம் என்று அவருக்குத்தான் தெரியும்.

சரி, நோட்டுக்கும் எக்செல்லுக்கும் வருவோம். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். தனியாகக் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் அதைக் கொண்டுவந்து காட்டட்டும், யார் மேலும் குற்றம் இல்லை என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மெயிலில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பக்கத்தில் போய் நின்று சொல்லுங்கள். ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு எக்செல்லிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது திரையில் கிடைக்காததா, கிடைத்தும் நம்ப முடியாததா, இல்லை விட மனசு வராததா?" மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கிடைக்காதது என்றால் முறையில் ஓட்டை, அதை நீங்கள் அடைக்க வேண்டும். நம்ப முடியாதது என்றால் டேட்டாவில் பிழை. ஒரே நட்டுக்கு மூன்று ஐட்டம் கோடு (அடையாள எண்), கிலோவில் ஆர்டர் செய்து எண்ணிக்கையில் வாங்குவது, கோ-லைவ் அன்று ஏற்றிய ஆரம்ப ஸ்டாக்கே தவறு, இப்படி. இதற்கு ஸ்டாக்கை எண்ணிச் சரிசெய்வதைத் தவிர குறுக்கு வழி கிடையாது. அதிகம் நகரும் ஐட்டங்களை வாரம் கொஞ்சமாக எண்ணிக்கொண்டே வாருங்கள். திரையும் ரேக்கும் தொடர்ந்து நான்கு வாரம் ஒத்துப்போனால், உற்பத்திப் பிரிவின் எக்செல்லைத் திறக்க ஆளே இருக்காது.

விட மனசு வராதது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். என் ஆரம்ப நாட்களில் ஒரு நிறுவனத்தில், இப்போது உங்கள் எம்.டி. சொல்வதையே நான் செய்தேன். திங்கட்கிழமை காலை பழைய சிஸ்டத்தின் லாக்இன்களை மூடினோம். மூன்றாம் வாரம் மேஜை டிராயர்களில் துண்டுச் சீட்டுகள் சேர ஆரம்பித்தன. பழைய சிஸ்டமாவது எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்தது, இந்தச் சீட்டுகள் எழுதியவருக்கு மட்டுமே புரியும். அங்கே ஒரு மூத்த எழுத்தர், ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது அவருக்கு. மதியம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சிக்கல் என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வருஷம் நான் செஞ்சது தப்பா தம்பி?" என்று கேட்டார். நான் மூன்று மாதமாகக் கூட்டங்களில் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய முறை குழப்பம், பழைய முறை காலாவதி, பழைய முறையில் கட்டுப்பாடே இல்லை. புதியதை உயர்த்திப் பேசுவதற்காகச் சொன்னது ஒவ்வொன்றும் அவர் காதில் அவருடைய வாழ்நாள் வேலையைப் பற்றிய தீர்ப்பாக விழுந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் "அண்ணனை எப்படி மாற்றுவது" என்ற உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 22 வருடமாக எந்தப் பொருள் எந்த ரேக்கில் இருக்கிறது, எந்த சப்ளையர் எப்போது ஏமாற்றுவார், எந்த மெஷினுக்கு எது அவசரம் என்று எல்லோரும் அவரிடம்தான் வந்து கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு யார் வேண்டுமானாலும் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவரிடம் யார் வருவார்கள்? இது சோம்பேறித்தனம் இல்லை, பிடிவாதமும் இல்லை. அவர் இழப்பது நிஜமான ஒன்று. பதிலுக்கு நிஜமான ஒன்றை நீங்கள் கொடுக்க வேண்டும். ஐட்டம் மாஸ்டரின், அதாவது எல்லாப் பொருட்களின் கோடும் விவரமும் இருக்கும் பட்டியலின், பொறுப்பை அவருக்குக் கொடுங்கள் என்பேன். புதிய ஐட்டம் கோடு திறக்க அவருடைய ஒப்புதல் வேண்டும், அந்த மூன்று கோடு நட்டு விவகாரத்தைத் தீர்ப்பவர் அவர், ஸ்டாக் எண்ணும் வேலையை நடத்துபவர் அவர். தட்டச்சு அவருக்குச் சிரமம் என்றால் பக்கத்தில் ஓர் இளைஞரை உட்கார வைத்துவிடுங்கள். அவருடைய அறிவு சாஃப்ட்வேருக்குள் போக வேண்டும், அவர் விரல் வேகம் அவ்வளவு முக்கியமில்லை.

இதைச் சொல்லும்போது நேர்மையாக இருங்கள். வேலை போகுமா என்ற கேள்வி எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். போகாது என்றால் எம்.டி. வாயால் அது வரட்டும். தெரியாது என்றால், எந்தத் தேதிக்குள் தெரியும் என்றாவது சொல்லுங்கள். ஆள் குறைப்பு யோசனை எங்காவது இருந்தால் முறை நிலைபெறும்வரை அதைத் தொடவே வேண்டாம். கனடா அரசு 2016இல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள சிஸ்டத்தைக் கொண்டுவந்தபோது, துறைகளில் இருந்த சம்பளக் கணக்கு அலுவலர் பணியிடங்கள் சுமார் 1,200ஐ நீக்கிவிட்டு, வேறு ஊரில் ஒரு புதிய மையத்தில் ஏறக்குறைய 550 பேரை வைத்தது. அனுபவம் உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த மையத்துக்குப் போகவில்லை. விதிவிலக்குகளைத் தலைக்குள் வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள், சிஸ்டமோ எளிய கணக்கைத்தான் சரியாகப் போட்டது. லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தோ கூடியோ வராமலோ போயிற்று, சரிசெய்யும் வேலை பல வருடங்களாக இழுத்தது.

அதற்காகப் பழைய பழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொண்டு சாஃப்ட்வேரை வளைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் ஆபத்துதான். ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் அங்காடி நிறுவனம் கையிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் கொண்டது. வாங்கிய சாப் (SAP) நிறுவனத்தின் மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும்படி அமைந்தது. வழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை மாற்றி மாற்றி எழுதினார்கள். ஏழு வருடம் கழித்து, 2018இல், சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு திட்டத்தையே கைவிட்டதாகச் செய்திகள் வந்தன. ஆகவே ஒரு பழக்கத்தைக் காப்பாற்றுமுன், அதனால் வாடிக்கையாளருக்கோ உற்பத்திக்கோ நன்மை உண்டா, அல்லது நமக்குப் பழகிவிட்டது என்பது மட்டும்தானா என்று பாருங்கள். கேட்டில் லாரியைச் சீக்கிரம் அனுப்புவது முதல் வகை, அதை விடக் கூடாது. நோட்டில் எழுதிச் சாயங்காலம் ஏற்றுவது இரண்டாம் வகை. காரணம் தீர்ந்த பிறகு அது போகத்தான் வேண்டும், அதில் இரக்கம் காட்டாதீர்கள்.

உங்கள் எம்.டி.யிடம் நோட்டீஸுக்குப் பதிலாக வேறொன்று கேளுங்கள். வாராந்திர ரிவியூ மீட்டிங்கில் அவர் எதைப் பார்த்துப் பேசுகிறார்? பெரும்பாலான இடங்களில் யாராவது முந்தின நாள் இரவு எக்செல்லில் தயாரித்த அறிக்கையைத்தான். மேலே இருப்பவர் எக்செல் கேட்டால் கீழே இருப்பவர் எக்செல் வைத்திருந்தே தீர வேண்டும். இனி இந்த மீட்டிங்கில் புதிய சிஸ்டத்தின் திரை மட்டும்தான், தவறாக இருந்தாலும் அதையே பார்ப்போம், ஏன் தவறு என்று அங்கேயே பேசுவோம் என்று அவர் சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் சங்கடமாக இருக்கும், எண்கள் அசிங்கமாகத் தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பிரிவும் தன் எண்ணைச் சரிசெய்துகொண்டு வரும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அண்ணனின் வேலையை எதை வைத்து அளக்கிறீர்கள்? லாரி எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்து என்றால், சரக்கு வரும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்வது அவரைத் தண்டிப்பதுபோல. ஆறு மாதத்துக்கு அந்த அளவுகோலைத் தள்ளி வையுங்கள், அல்லது வந்த அன்றே பதிவான சரக்கின் விகிதத்தையும் அதோடு சேருங்கள். புதிய முறைக்கு மாறிய முதல் சில மாதங்களில் எல்லோரும் மெதுவாகத்தான் இருப்பார்கள். அதே இலக்கை அதே ஆட்களிடம் கேட்டால், பழைய வழியில் ஓடித்தான் அதைத் தொடுவார்கள்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மறுபடி வகுப்பறை வேண்டாம். எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும் காட்டும் ஸ்லைடுகளும் வேண்டாம், அது எல்லோருக்கும் வந்துவிட்டது. போன வாரம் நோட்டில் விழுந்த நிஜமான பத்துப் பதிவுகளை எடுத்து, அவரவர் இடத்தில், அவரவர் திரையில் போட்டுப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் வெளியிலிருந்து வருவதைவிட, ஏற்கனவே பக்கத்து மேஜைக்காரர்கள் சந்தேகம் கேட்கப் போகும் ஆளாக இருக்கட்டும். அப்படி ஒருவர் ஒவ்வொரு பிரிவிலும் இருப்பார். அவருடைய சொந்த வேலையில் பாதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உதவி கேட்டு வருபவர்கள் அவருக்குத் தொந்தரவாகிவிடுவார்கள்.

பழைய சிஸ்டத்தை மூடும் தேதியை எப்போது சொல்லலாம்? நோட்டுகளையும் எக்செல்களையும் பார்க்கும் அந்த இரண்டு வாரம் முடிந்து, வரம்பு முடிவாகி, முக்கியமான ஐட்டங்களை எண்ணி முடித்த பிறகு. தேதியைச் சொல்லும்போது, அதற்குள் நிர்வாகம் எதையெதைச் சரிசெய்து தரும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மூடினாலும் பழைய விவரங்களைப் பார்க்க மட்டும் வழி வையுங்கள், ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முந்தைய சப்ளையர் தகராறு ஒன்று கட்டாயம் வரும். ஒருமுறை சொன்ன தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடும் ஒவ்வொரு வாரமும் எது உண்மை என்ற சண்டையில்தான் போகும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலை முதல் லாரி வரும்போது கேட்டில் இருங்கள். கையில் லேப்டாப் வேண்டாம். திரை எங்கே சிவப்பாகிறது, அண்ணனின் கை எந்த நொடியில் நோட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். லாரி போன பிறகு, அந்தப் பக்கத்தைக் காட்டி ஒவ்வொரு வரியாக ஏன் எழுதினார் என்று கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் நோட்டில் எத்தனை வரிகள் விழுந்தன என்று அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். இப்போது வாரம் அறுபது இருக்கிறது என்றால், வரம்பு வந்ததும் இருபதாகலாம். மிச்சம் இருக்கும் இருபதில் ஒவ்வொன்றும் ஏன் நிற்கிறது என்று பார்த்து, கன்சல்டன்டிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள், கொள்முதல் பிரிவோடு பேச வேண்டியதைப் பேசுங்கள். எண்ணிக்கை இறங்குவதை எம்.டி.க்கும் வாராவாரம் காட்டுங்கள். நோட்டீஸைக் கிழிக்க வேண்டாம், மேஜைக்குள் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அது தேவைப்பட்டதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.